பியாஃப்ரா போரில் பிரான்சின் மறைமுகக் கை: காப்பாற்றியதா, இழுத்தடித்ததா?

வடகரை (இழையைத் தொடங்கியவர்):

நைஜீரிய உள்நாட்டுப் போர் என்றதும் விலா எலும்பு தெரிய, வயிறு உப்பி நிற்கும் குழந்தைகளின் படங்கள்தான் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. அந்தப் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த அதே மாதங்களில், அதே வானத்தில், வேறு சரக்கை ஏற்றிய விமானங்களும் பறந்தன. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1966இல் நடந்த இரண்டு ராணுவப் புரட்சிகளையும் ஒட்டி, வடக்கு நைஜீரியாவில், கிழக்கைத் தாயகமாகக் கொண்ட இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் லட்சக்கணக்கில் கிழக்கே ஓடி வந்தார்கள். 1967 ஜனவரியில் கானாவின் அபுரி நகரில் நைஜீரிய ராணுவ ஆட்சித் தலைவர் கோவோனுக்கும் கிழக்குப் பகுதியின் ராணுவ ஆளுநர் ஓஜுக்வுவுக்கும் ஏற்பட்ட உடன்பாடு நிலைக்கவில்லை. மே 30 அன்று ஓஜுக்வு கிழக்குப் பகுதியைப் பியாஃப்ரா என்ற தனிநாடாக அறிவித்தார். ஜூலை 6இல் தொடங்கிய போர் 1970 ஜனவரி 15இல் சரணடைவோடு முடிந்தது. இறந்தவர்களின் தொகையை 5 லட்சத்திலிருந்து 30 லட்சம் வரை பலவாறு கணிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் முற்றுகையால் உண்டான பட்டினிக்கும் நோய்க்கும் பலியானவர்கள்.

பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் நைஜீரிய அரசுக்கு வெளிப்படையாக ஆயுதம் கொடுத்தன. பிரான்ஸ் 1968 ஜூன் 12இல் இரு தரப்புக்கும் ஆயுதத் தடை அறிவித்தது. ஜூலை 31இல் பிரெஞ்சு அமைச்சரவை, இந்தச் சிக்கல் மக்களின் தன்னாட்சி உரிமையின் அடிப்படையில் தீர வேண்டும் என்று அறிக்கை விட்டது. செப்டம்பர் 9 அன்று செய்தியாளர் சந்திப்பில் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் டி கோல், தம்மால் இயன்ற அளவு பியாஃப்ராவுக்கு உதவியிருப்பதாகச் சொன்னார். ஆனால் அங்கீகாரம் என்ற அந்த ஒரு செயலை மட்டும் செய்யவில்லை என்றும், பின்னாளில் அதற்கு இடமிருக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். அந்தப் பின்னாள் வரவேயில்லை.

ஆயுதங்கள் மட்டும் வந்தன. வழி மிக எளிமையானது. பிரான்சின் பழைய ஆட்சிப் பகுதிகளான ஐவரி கோஸ்ட்டும் காபோனும் தங்கள் ராணுவக் கிடங்கிலிருந்து பியாஃப்ராவுக்கு எடுத்துக் கொடுக்கும். காலியான இடத்தைப் பிரான்ஸ் நிரப்பும். ஏட்டில் பார்த்தால் பாரிசிலிருந்து பியாஃப்ராவுக்கு ஒரு தோட்டாகூடப் போகவில்லை. டி கோலின் ஆப்பிரிக்க விவகாரச் செயலாளராக இருந்த ஜாக் ஃபொக்கார் இந்த ஏற்பாட்டின் மையத்தில் இருந்தார்; அதைத் தம் இறுதிக் காலத்தில் அளித்த நீண்ட பேட்டிகளில் அவரே மறைக்காமல் பேசியிருக்கிறார்.

என் வாதம் இதுதான். மறைத்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையே உதவியின் அளவைத் தீர்மானித்தது. இரண்டு சிறிய நாடுகளின் கிடங்கு வழியாக, இரவில், விமானத்தில் எவ்வளவு போகுமோ அவ்வளவுதான் போனது. அது பியாஃப்ரா தோற்காமல் இருக்கப் போதுமானது. வெல்வதற்கோ, நைஜீரியாவைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்து வருவதற்கோ போதாதது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குழந்தைகள் செத்தார்கள்.

பனையோலை:

வடகரை ஐயா விவரங்களைச் சரியாகவே வைத்திருக்கிறார். ஆனால் அவருடைய முடிவோடு எனக்கு உடன்பாடில்லை.

1968 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். தலைநகர் எனுகு முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே போய்விட்டது. மே மாதம் போர்ட் ஹார்கோர்ட் போனதும் கடலோடு இருந்த கடைசித் தொடர்பும் அறுந்தது. செப்டம்பரில் ஆபாவும் ஓவெரியும் அடுத்தடுத்து விழுந்தன. பிரெஞ்சு ஆயுதங்கள் கணிசமாக வரத் தொடங்கியது அந்த நேரத்தில்தான் என்பதும், போர்முனை அதன்பிறகே நிலைபெற்றது என்பதும் உண்மை. "அப்போதே விட்டிருந்தால் போர் முடிந்திருக்கும், சாவு நின்றிருக்கும்" என்பதுதான் ஐயாவின் வாதத்துக்குள் இருக்கும் கணக்கு.

அந்தக் கணக்கை நாம் போட முடிவது, 1970 ஜனவரியில் சரணடைந்தபின் பெரும் படுகொலை எதுவும் நடக்கவில்லை என்பது நமக்குத் தெரிந்திருப்பதால்தான். 1968இல் ஒரு இக்போ தாய்க்கு அது தெரியாது. அவளுக்குத் தெரிந்தது 1966. அவளுக்குத் தெரிந்தது 1967 அக்டோபரில் அசாபா நகரில் நடந்தது: ஒன்றுபட்ட நைஜீரியாவை வாழ்த்தி, திருவிழா உடையில் ஆடிப்பாடி ராணுவத்தை வரவேற்கத் தெருவுக்கு வந்த மக்களில் ஆண்களையும் சிறுவர்களையும் தனியே பிரித்து நிறுத்தி, நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொன்றார்கள். அதைக் கேள்விப்பட்ட மக்கள், துப்பாக்கி கொடுப்பவன் எந்த நோக்கத்தில் கொடுக்கிறான் என்று ஆராய்ந்துகொண்டிருப்பார்களா? வெள்ளத்தில் போகிறவன் கையில் கிடைத்த கட்டையைப் பிடிக்கத்தான் செய்வான்.

கலங்கரை:

விமானப் போக்குவரத்து எனக்கு ஆர்வமுள்ள துறை என்பதால் அந்தப் பக்கத்தைப் பற்றிச் சிறிது எழுதுகிறேன். இந்த விவாதத்தின் முடிச்சே அங்குதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

போர்ட் ஹார்கோர்ட் விழுந்தபின் பியாஃப்ராவின் மூச்சுக்குழாயாக இருந்தது ஊலி. அதை விமான நிலையம் என்று சொல்வது பழக்கத்தால்தான். நெடுஞ்சாலையின் நேரான ஒரு பகுதியை அகலப்படுத்தி ஓடுபாதை ஆக்கியிருந்தார்கள். அகலம் சுமார் 75 அடி. நான்கு எஞ்சின் கொண்ட விமானம் அதில் இறங்கும்போது இறக்கைகள் இருபுறமும் பாதையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். பகலில் நைஜீரியப் போர் விமானங்களின் கண்ணில் படாமலிருக்க இலை தழைகளால் மூடிவைப்பார்கள். இரவில் மட்டும் இயங்கும். விமானி மேலே வந்து சங்கேதச் சொல் சொன்னால், தரையிறங்கும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் விளக்கு எரியும். சக்கரம் தரையைத் தொட்டதும் அணைந்துவிடும். மேலே நைஜீரியாவின் குண்டு வீசும் விமானம் ஒன்று அந்த வெளிச்சத்துக்காகவே வட்டமடித்துக்கொண்டிருக்கும்.

இந்த ஒரே பாதையில்தான் இரண்டும் இறங்கின. காபோன் தலைநகர் லிப்ரவில்லிலிருந்தும் ஐவரி கோஸ்ட்டின் அன்றைய தலைநகர் அபிஜானிலிருந்தும் வந்த துப்பாக்கி ரவைகளும், போர்ச்சுகல் ஆண்ட சாவோ தோமே தீவிலிருந்து திருச்சபைகள் அனுப்பிய பால் மாவும் உலர்ந்த கருவாடும் அடுத்தடுத்து வந்திறங்கின. திருச்சபைகளின் கூட்டமைப்பு மட்டும் 5,000க்கும் மேற்பட்ட முறை பறந்து, சுமார் 60,000 டன் நிவாரணப் பொருள்களைக் கொண்டுவந்தது. ஹாங்க் வார்ட்டன் என்ற தனியார் விமான முதலாளியின் விமானங்கள் தொடக்கத்தில் ஆயுதத்தையும் நிவாரணத்தையும் இரண்டையுமே சுமந்தன. மேலே சுற்றும் நைஜீரிய விமானி இருட்டில் எதை எதிலிருந்து பிரிப்பான்?

1969 ஜூன் 5இல் செஞ்சிலுவையின் நிவாரண விமானத்தை நைஜீரிய மிக் விமானம் சுட்டு வீழ்த்தியது. அதன்பிறகு செஞ்சிலுவைச் சங்கம் தன் பயணங்களை நிறுத்திவிட்டு, பகலில் மட்டும், நைஜீரியாவின் சோதனைக்குப்பின் பறக்கலாம் என்று செப்டம்பரில் லாகோசுடன் (நைஜீரியாவின் அன்றைய தலைநகர்) ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது. அதைப் பியாஃப்ரா ஏற்கவில்லை. பகல் பயணத்தைச் சாக்காக வைத்து நைஜீரியா ஊலியைத் தாக்கும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. உணவு பகலுக்குப் போய்விட்டால் இரவில் வருவதெல்லாம் ஆயுதம் என்பது வெட்டவெளிச்சமாகிவிடும்; உணவு விமானங்களின் கூட்டத்துக்குள் ஆயுத விமானங்கள் ஒளிந்துகொள்ள முடியாது. வடகரை சொல்லும் "மறைக்க வேண்டிய நிபந்தனை" உணவு மூட்டையின் மேலேயே விழுந்த இடம் இது.

மழைக்காகம்:

பிரான்ஸ் இதில் இறங்கியதற்கு எண்ணெய்தான் காரணம் என்று எங்கும் படிக்கிறேன். அது முழு விடையா?

வடகரை:

முழு விடை அல்ல என்பது என் கருத்து. எண்ணெய் உண்டு. கிழக்கில் பெரும்பங்கு ஷெல்-பிபி நிறுவனத்தின் கையில் இருந்தது; சஃப்ராப் என்ற பிரெஞ்சு அரசு நிறுவனத்துக்கும் அங்கே உரிமங்கள் இருந்தன. பியாஃப்ரா வென்றால் பிரிட்டிஷ் நிறுவனத்தின் இடத்தில் பிரெஞ்சு நிறுவனம் அமரலாம் என்ற கணக்கு யாருக்கும் தோன்றக்கூடியதே.

ஆனால் அதைவிட ஆழமான காரணம் வரைபடத்தில் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நைஜீரியாவைச் சுற்றி பெனின் (அன்றைய டஹோமி), நைஜர், சாட், கேமரூன் எல்லாமே பிரான்சின் பழைய ஆட்சிப் பகுதிகள். அத்தனைக்கும் நடுவில், ஆங்கிலம் பேசும், மக்கள்தொகையில் அவை அனைத்தையும் சேர்த்தாலும் மிஞ்சக்கூடிய ஒரே நாடு. ஐவரி கோஸ்ட் குடியரசுத் தலைவர் ஹூஃபுவே புவாஞிக்கு அந்தப் பெருநாடு உறுத்தலாக இருந்தது. டி கோலை இந்தப் பக்கம் சாய்த்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பழைய வடு ஒன்றும் இருந்தது. சகாரா பாலைவனத்தில் பிரான்ஸ் நடத்திய மூன்றாவது அணுகுண்டுச் சோதனையை அடுத்து, 1961 ஜனவரியில் நைஜீரியா பிரெஞ்சுத் தூதரை வெளியேற்றி உறவை முறித்தது. புதிதாக விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடு ஒன்று தன்னை இப்படி நடத்தியதை டி கோல் எளிதில் மறந்திருக்க மாட்டார்.

ஆட்களையும் கவனியுங்கள். ஃபொக்காரின் ஆளாக அபிஜானிலிருந்து வேலை பார்த்தவர் ஜான் மொரிஷோ-பொப்ரே. லிப்ரவில்லில் பிரெஞ்சுத் தூதர் மொரீஸ் தெலோனே. கூலிப்படைத் தலைவர்களில் ரொஜே ஃபோல்க், பாப் தெனார் இருவரும் காங்கோவின் கட்டாங்கா பிரிவினைப் போரில் பழகிய கைகள். 1960 ஜூலையில் பெல்ஜியத்தின் துணையோடு பிரிந்த கட்டாங்கா 1963 ஜனவரியில் முடிந்தது. ஆப்பிரிக்கத் தலைவர்களில் பெரும்பாலோர் பியாஃப்ராவைக் கட்டாங்காவின் தங்கையாகவே பார்த்தார்கள். அந்தப் பார்வை நியாயமற்றது. கட்டாங்காவில் ஒரு சுரங்க நிறுவனத்தின் நலன் பிரிவினையைப் பெற்றெடுத்தது, பியாஃப்ராவிலோ படுகொலைக்கு அஞ்சிய மக்கள் பெற்றெடுத்தார்கள். ஆனாலும் அதே முகங்கள், அதே லிஸ்பன், அதே ரொடீசிய விமானி, பின்னணியில் அதே தென்னாப்பிரிக்கா என்று உதவிக்கு வந்து நின்றபோது, பியாஃப்ராவின் நியாயமான வழக்கே கறைபட்டுப் போனது. மறைமுக உதவியின் விலைகளில் இதையும் சேர்க்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்புறத்தில் தான்சானியக் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நியரேரேவை வையுங்கள். 1968 ஏப்ரல் 13இல் தான்சானியா பியாஃப்ராவை வெளிப்படையாக அங்கீகரித்தது, காரணத்தையும் உலகறியச் சொன்னது. காபோன், ஐவரி கோஸ்ட், சாம்பியா மே மாதத்தில் தொடர்ந்தன. அடுத்த ஆண்டு ஹைட்டியும் சேர்ந்தது. அவ்வளவுதான், ஐந்து நாடுகள். பிரான்ஸ் ஆறாவதாக வந்திருந்தால் அந்தப் பட்டியல் அங்கேயே நின்றிருக்காது என்று நம்புகிறேன்.

பனையோலை:

அங்கீகரிக்காமல் விட்டது கோழைத்தனம் என்பதில் ஐயாவோடு நிற்கிறேன். ஆனால் இந்த இழை போகும் போக்கைப் பார்த்தால், பியாஃப்ரா இரண்டரை ஆண்டு தாக்குப்பிடித்ததே ஃபொக்காரின் புண்ணியத்தால் என்ற எண்ணம் படிப்பவருக்கு வந்துவிடும். அதை மறுக்கிறேன்.

ஃபோல்க் ஏற்பாடு செய்த கூலிப்படையினர் 1967 இறுதியில் வந்தார்கள், கலபார் பக்கம் ஒரு தாக்குதலில் அடிவாங்கினார்கள், பெரும்பாலோர் போய்விட்டார்கள். பிரெஞ்சு அந்நியப் படையில் இருந்த ஜெர்மானியர் ரோல்ஃப் ஸ்டைனர் ஒரு கமாண்டோ படையை நடத்தினார். 1968 இறுதியில் பியாஃப்ரா அரசே அவரைப் பிடித்து வெளியேற்றியது. சண்டை போட்டவர்கள் அந்த மண்ணின் பிள்ளைகள். பல்கலைக்கழக அறிவியலாளர்கள் ஒன்றுகூடி ஒக்புனிக்வே என்ற கண்ணிவெடியை உள்ளூரில் கிடைத்ததை வைத்தே செய்தார்கள். எதிரிப் படையின் வாகன வரிசைகளை அது சிதறடித்தது. எண்ணெய்யைக் காட்டுக்குள் தாங்களே அமைத்த சிறு ஆலைகளில் சுத்திகரித்து லாரி ஓட்டினார்கள். 1969 ஏப்ரலில் உமுவாஹியாவை இழந்த அதே வாரங்களில் ஓவெரியை மீட்டார்கள். அந்நியக் கை, அந்நியக் கை என்று சொல்லிக்கொண்டே போனால், போராடிய மக்களை யாரோ ஆட்டிய பொம்மைகளாக்கி விடுகிறோம். லாகோஸ் அரசு அன்று செய்த பிரசாரமும் அதுவே.

தாழம்பூ:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பனையோலை எழுதியதைப் படித்தபின் ஒன்றைச் சொல்லத் தோன்றியது.

என் தந்தை 1980களின் தொடக்கத்தில் நைஜீரியாவின் கிழக்குப் பகுதியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தார். அந்தக் காலத்தில் நம் ஊர்களிலிருந்து நிறைய ஆசிரியர்கள் அப்படிப் போனார்கள். உடன் பணிபுரிந்த மூத்த ஆசிரியர் ஒருவர் ஒருநாள் தம் வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு கட்டுத் தாளை எடுத்துக் காட்டினாராம். பியாஃப்ரா பவுன். பனைமரமும் உதயசூரியனும் அச்சிட்ட நோட்டுகள். நைஜீரிய அரசு 1968 ஜனவரியில் தன் பழைய நோட்டுகளைச் செல்லாது என்றதும் பியாஃப்ரா சொந்தமாக அச்சிட்டவை அவை. போர் முடிந்ததும், வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும், போர்க்காலத்தில் கணக்கைக் கையாண்டவர்களுக்கு இருபது பவுன் மட்டுமே திருப்பித் தரப்பட்டது. "எல்லாச் சேமிப்பும் போய் இருபது பவுன் வாங்கி வந்தேன், அதைக்கூட வரிசையில் நின்று வாங்கினேன்" என்றாராம்.

அப்பா அவரிடம், வெளிநாட்டுக்காரர்கள் உதவினார்களே என்று கேட்டிருக்கிறார். அவர் நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, இரவில் விமானச் சத்தம் கேட்டால் அது பால் மாவா துப்பாக்கியா என்று தாங்கள் கேட்டதில்லை, சத்தம் கேட்காத இரவுகளில்தான் பயந்தோம் என்று சொன்னாராம். அப்பா இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். வடகரையின் வாதத்தை இது பொய்யாக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டுதான் இந்த இழையைப் படிக்கிறேன்.

கலங்கரை:

தாழம்பூவின் பதிவுக்குப்பின் இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விட்டுவிடக்கூடாத செய்தி.

பிரெஞ்சு உளவுத்துறையின் ஆப்பிரிக்கப் பிரிவுத் தலைவராக இருந்த மொரீஸ் ரொபேர், பல ஆண்டுகளுக்குப்பின், பியாஃப்ரா விவகாரத்தில் "இனப்படுகொலை" என்ற சொல்லைப் பத்திரிகைகளுக்கு எடுத்துக் கொடுத்தது தங்கள் துறைதான் என்று சொன்னார். பிரெஞ்சு மக்களை உலுக்கும் ஒரு சொல் தேவைப்பட்டதாம். மறைமுக உதவி என்றால் துப்பாக்கியை மட்டும் நினைக்கிறோம்; சொல்லும் அதே வழியில், அனுப்பியவர் பெயர் இல்லாமல் அனுப்பப்பட்டது.

1968 இலையுதிர் காலத்தில் நைஜீரியாவின் அழைப்பில் பிரிட்டன், கனடா, ஸ்வீடன், போலந்து உள்ளிட்டோர் அடங்கிய பன்னாட்டுப் பார்வையாளர் குழு போய்ப் பார்த்து, இனப்படுகொலைக்குச் சான்று இல்லை என்று அறிக்கை தந்தது. ஆனால் அக்குழு பார்த்தது நைஜீரியப் படைகளின் கையிலிருந்த பகுதிகளை மட்டுமே. முற்றுகைக்குள் பட்டினி கிடந்தவர்களை அது பார்க்கவில்லை. சொல்லை அனுப்பியவன் உளவுத்துறைக்காரன் என்பதாலேயே அந்தச் சொல் சுட்டிய துயரம் பொய்யாகிவிடாது. அதே சமயம், பிள்ளைகளின் பசியை நேரில் கண்டு அந்தச் சொல்லைக் கண்ணீரோடு சொன்ன மருத்துவர்களின் வாக்கையும் இது சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிட்டது. பிரெஞ்சுச் செஞ்சிலுவையின் பெயரில் அங்கே பணிபுரிந்து, மௌனம் காக்க மறுத்த மருத்துவர்களில் சிலர்தான் 1971 டிசம்பரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பைத் தொடங்கியவர்களில் இருந்தார்கள். அவர்கள் உண்மையாகவே பேசினார்கள். அவர்கள் அறியாமல் அவர்கள் குரலை ஒரு அரசு பயன்படுத்திக்கொண்டது.

மழைக்காகம்:

1969 மே மாதத்தில் ஸ்வீடனின் கார்ல் குஸ்டாஃப் ஃபான் ரோசன் சிறிய பயிற்சி விமானங்களை வைத்து போர்ட் ஹார்கோர்ட் விமான தளத்தைத் தாக்கினாரே, அதுவும் இந்த வலையில் சேருமா?

வடகரை:

சேரும். ஃபான் ரோசன் தன் மனசாட்சியால் இறங்கியவர்; நிவாரண விமானம் ஓட்டியபோது கண்ட காட்சிகளே அவரைத் திருப்பின. ஆனால் அந்த ஐந்து குட்டி விமானங்களுக்கு ராக்கெட் பொருத்தியது காபோனில். ராக்கெட்டுகள் பிரெஞ்சுத் தயாரிப்பு. மே 22இல் மரங்களின் உயரத்திலேயே பறந்து வந்து தாக்கினார்கள். அளவு பற்றி நான் சொன்னதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை. எதிரில் நைஜீரியாவின் மிக்-17 போர் விமானங்கள், இல்யூஷின்-28 குண்டுவீச்சு விமானங்கள். இந்தப் பக்கம் பூச்சி போன்ற ஐந்து பயிற்சி விமானங்கள்.

பனையோலைக்கும் தாழம்பூவுக்கும் என் பதில்: என் தொடக்கப் பதிவில் ஒரு குறை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பியாஃப்ரா மக்கள் அந்த ஆயுதத்தை வாங்கியிருக்கக் கூடாது என்று படும்படி எழுதிவிட்டேன். அவர்களைக் கேள்வி கேட்க எனக்கு உரிமையில்லை. என் கேள்வி கொடுத்தவரிடம் மட்டும்தான். 1969 ஏப்ரலில் டி கோல் பதவி விலகினார். அவருக்குப்பின் வந்த பொம்பிடு காலத்தில் ஆதரவின் சூடு தணிந்தது. கொடுத்ததை அறிவிக்காதவர்கள் என்பதால், குறைத்ததையும் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. போர்முனையில் இருந்தவனுக்கு அது ஒரு இரவு வராத விமானமாக மட்டுமே தெரிந்தது.

அதன்பிறகு நடந்ததையும் பாருங்கள். 1970 ஜனவரி 11இல் ஓஜுக்வு வெளியேறி ஐவரி கோஸ்ட்டில் அடைக்கலம் புகுந்தார். சரணடைவுப் பொறுப்பு அவருடைய துணைத்தலைவர் ஃபிலிப் எஃபியோங்கின் தோளில் விழுந்தது. 1971இல் நைஜீரிய அரசு சஃப்ராப் நிறுவனத்தில் 35 விழுக்காட்டுப் பங்கை எடுத்துக்கொண்டது. நிறுவனம் அங்கேயே தொடர்ந்து எண்ணெய் எடுத்தது. பிரான்ஸ் கெட்டுப்போகவில்லை.

பனையோலை:

ஐயா கேள்வியைக் கொடுத்தவர் பக்கம் திருப்பியபின் எனக்குச் சண்டை இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்.

போர் முடிந்தபோது காபோனிலும் ஐவரி கோஸ்ட்டிலும் ஆயிரக்கணக்கான பியாஃப்ரா குழந்தைகள் இருந்தார்கள். சாகும் நிலையில் விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய்த் தேற்றப்பட்டவர்கள். ஐ.நா. அகதிகள் ஆணையம் 1970 இறுதியிலிருந்து சில மாதங்களில் அவர்களில் சுமார் 5,000 பேரைத் திரும்ப அழைத்துவந்தது. லிப்ரவில்லைப் பற்றிய எந்தக் கணக்கிலும் இந்த 5,000 பேரும் இருக்க வேண்டும்.

கலங்கரை:

அந்தக் கணக்கில் இன்னொன்றும் இருக்கட்டும். 1970 ஜனவரியில், சரணடைந்த பகுதிக்குள் பட்டினியில் கிடந்த மக்களுக்கு உணவு உடனே போய்ச் சேர வேண்டியிருந்தது. சாவோ தோமேயில் சரக்கும் விமானங்களும் தயாராக நின்றன. கோவோன் அரசு, பிரான்ஸ், போர்ச்சுகல், தென்னாப்பிரிக்கா, ரொடீசியா ஆகியவற்றிடமிருந்தும், பியாஃப்ராவுக்குப் பறந்த அமைப்புகளிடமிருந்தும் எதையும் ஏற்க மாட்டோம் என்றது. ஊலி ஓடுபாதையையும் நிவாரணத்துக்குத் திறக்க மறுத்தது. அது ஆயுதம் இறங்கிய பாதையாம். தொலைவிலிருந்து பழுதடைந்த சாலைகளில் லாரிகள் உணவை ஏற்றிக்கொண்டு வந்து சேரும்வரை, அந்த 75 அடிப் பாதை காலியாகவே கிடந்தது.